ஒரே கூரையின் கீழ் வெவ்வேறு சுபாவங்கள்: கிறிஸ்தவத் தாய்மார்களுக்கு முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் சபையின் தாய்மார் கூடுகையில், ஒவ்வொரு பிள்ளையையும் அதன் சுபாவம் அறிந்து வளர்க்கும் இந்த முறையைச் சில ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதற்கு முன்பு என் மூன்று பிள்ளைகளிடமும் இதைத் தலைகீழ் வரிசையில் செய்து பார்த்துத் தோற்றிருக்கிறேன். புதிதாக வருகிற தாய்மார் தடுமாறுவதும் அதே இடத்தில்தான்: பிள்ளையைத் திருத்துவதிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் திருத்துவது ஆறாவது படி. முதல் ஐந்தையும் விட்டுவிட்டு அதற்குத் தாவினால், மூத்த பிள்ளையிடம் பலித்தது இளையதிடம் ஏன் பலிக்கவில்லை என்பது கடைசிவரை பிடிபடாது.

என் பிள்ளைகளை மூத்தவள், நடுவன், கடைக்குட்டி என்றே குறிப்பிடுகிறேன். மூத்தவளுக்குப் புதிய இடத்தில் வாய் திறக்க அரை மணி நேரம் ஆகும். நடுவன் சிரித்தாலும் அழுதாலும் எங்கள் அடுக்குமாடியில் இரண்டு மாடி கேட்கும். கடைக்குட்டி எதைச் சொன்னாலும் "சரிம்மா" என்பவள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பிள்ளைக்கு ஒன்றாகத் தனித்தனி நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எல்லாரையும் ஒரே புத்தகத்தில் எழுதினால், பக்கத்தைப் புரட்டும்போதே கை தானாக ஒப்பிடத் தொடங்கிவிடும். உங்களுக்கும் ஒன்று வேண்டும். அதற்கான காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் சங்கீதம் 139-இல் 13 முதல் 16 வரையுள்ள வசனங்களை அந்தப் பிள்ளையின் பெயரைச் சேர்த்து எழுதுங்கள். புத்தகம் புகாரில் தொடங்கினால் புகார்ப் புத்தகமாகவே முடியும். ஆகவே தேவன் உருவாக்கியதைக் குறித்த வார்த்தையில் அது தொடங்கட்டும்.

அடுத்து, சாதாரணமான இரண்டு வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். தேர்வு வாரம், நீண்ட விடுமுறை, கேரல் பாட வீடு வீடாகச் செல்லும் டிசம்பர், யாராவது காய்ச்சலில் படுத்திருக்கும் நாள்கள் ஆகியவை வேண்டாம். அந்த நாள்களில் நீங்கள் பார்ப்பது பிள்ளையின் சுபாவத்தை அல்ல, அந்த வாரத்தின் நெருக்கடியை.

வீட்டில் பிள்ளையை அதட்டும் உரிமையுள்ள எல்லாரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பள்ளி வேன் வந்து இறக்கிவிட்ட பிறகு மாலை வரை பாட்டி பார்த்துக்கொள்கிற வீடுகள் நம்மிடையே அதிகம். பாட்டியைச் சேர்த்துக்கொள்ளாமல் செய்தால் உங்கள் குறிப்பில் பாதி நாள் விடுபட்டுப் போகும். அவரிடம் "இப்படிச் செய்யாதீர்கள்" என்று சொல்லாமல், "அத்தை, இன்றைக்கு இவன் எதற்கு அழுதான் என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். என் மாமியாரின் கண் என் கண்ணைவிடக் கூர்மையானது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

2. முதலில் உங்கள் சுபாவத்தை எழுதுங்கள்

எல்லாரும் தவிர்க்க விரும்பும் படி இதுதான். ஆனால் பிள்ளை "மெதுவானவள்" என்று நாம் சொல்லும்போது, எதை வைத்து அளக்கிறோம்? நம் வேகத்தை வைத்துத்தான். அளவுகோல் எப்படிப்பட்டது என்று தெரியாமல் அளப்பதால் பயனில்லை.

உங்கள் புத்தகத்தில் இந்தக் கேள்விகளுக்கு நேர்மையாக விடை எழுதுங்கள். வீட்டில் சத்தம் கூடினால் எனக்கு உற்சாகம் வருகிறதா, தலை வலிக்கிறதா? திட்டம் கடைசி நேரத்தில் மாறினால் என்ன செய்கிறேன்? கோபம் வந்தால் உடனே கொட்டிவிடுகிறேனா, மூன்று நாள் பேசாமல் இருக்கிறேனா? எந்தப் பிள்ளையோடு இருக்கும்போது என் உடம்பு இளைப்பாறுகிறது?

கடைசிக் கேள்வியில் பேனா நின்றுவிடும். ஆதியாகமம் 25:28 நமக்கு உதவுவது அந்த இடத்தில்தான். ஈசாக்கு ஏசாவின்மேல் பட்சமாயிருந்ததற்கு வேதம் சொல்லும் காரணம், அவன் வேட்டையாடிக் கொண்டுவந்தது வாய்க்கு ருசியாயிருந்தது என்பதே. ரெபெக்காள் யாக்கோபை நேசித்ததற்குக் காரணமே சொல்லப்படவில்லை. இத்தனை சாதாரணமான ஒன்றிலிருந்து தொடங்கிய பட்சபாதம் அந்த வீட்டை இரண்டாகப் பிளந்தது. எந்தப் பிள்ளை எனக்கு "ருசியாக" இருக்கிறது, ஏன் என்று எழுதிவையுங்கள். யாரிடமும் காட்டத் தேவையில்லை.

அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதியர் 1956-இல் நியூயார்க்கில் தொடங்கிய நீண்டகால ஆய்வில் வலியுறுத்தியதும் இதைத்தான்: பிள்ளையின் சுபாவம் மட்டுமே சிக்கலை உண்டாக்குவதில்லை, அந்தச் சுபாவத்துக்கும் சூழலின் எதிர்பார்ப்புக்கும் இடையே இசைவு இல்லாதபோதுதான் சிக்கல் பிறக்கிறது. என் மூத்தவளைப் பார்த்து உறவினர்கள் "எவ்வளவு அடக்கம்" என்பார்கள். லிஃப்டின் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருக்கும் எனக்கோ பற்றிக்கொண்டு வரும். பிள்ளை ஒருத்திதான்.

3. 14 நாள்கள் பார்ப்பது மட்டும்

இந்த இரண்டு வாரங்களில் புதிய விதி எதையும் கொண்டுவர வேண்டாம், பழைய விதி எதையும் எடுக்கவும் வேண்டாம். இடையில் மாற்றினால், நீங்கள் காண்பது சுபாவமா, மாற்றத்துக்கான எதிர்வினையா என்று பிரித்தறிய முடியாது.

தாமஸும் செஸும் ஒன்பது இயல்புகளைக் கணக்கில் எடுத்தார்கள். சமையலும் வேலையும் பார்க்கிற தாய்க்கு ஐந்து போதும் என்பது என் கருத்து: உடல் துடிப்பு எவ்வளவு, புதிய ஆளையோ உணவையோ கண்டதும் நெருங்குகிறதா, விலகுகிறதா, மாற்றத்துக்குப் பழக எவ்வளவு நேரம், உணர்ச்சியின் சத்தம் எவ்வளவு, பிடித்த வேலையை விடச் சொன்னால் என்ன நடக்கிறது. இரவில் பிள்ளைக்கு மூன்று வரி எழுதினால் போதுமானது.

குறிப்பில் முடிவை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். "ஞாயிறு பள்ளியில் அடம்பிடித்தாள்" என்பது முடிவு. "வகுப்பு வாசலில் 10 நிமிடம் நின்றாள், செருப்பைக் கழற்றவில்லை, ஆசிரியை உள்ளே போன பிறகு தானாக வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள்" என்பதே குறிப்பு. முதல் வரி கோபத்தைக் கிளறும். இரண்டாவது வரியில், யாரும் தன்னைக் கவனிக்காதபோது அவள் உள்ளே வருகிறாள் என்ற தடயம் இருக்கிறது.

இன்னொரு தவறு, எல்லாப் பிள்ளைகளையும் ஒரு பெட்டிக்குள் அடைக்கப் பார்ப்பது. அந்த ஆய்வில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் எளிதில் இணங்குபவர்கள், 10 விழுக்காட்டினர் கடினமானவர்கள், 15 விழுக்காட்டினர் மெல்லப் பழகுபவர்கள் என வகைப்படுத்தப்பட்டனர். மீதி 35 விழுக்காட்டினர் எந்த வகையிலும் முழுமையாக அடங்கவில்லை. உங்கள் பிள்ளையும் அடங்காமல் போனால் உங்கள் குறிப்பில் பிழையில்லை.

4. சுபாவம், சோர்வு, மீறுதல் ஆகிய மூன்றையும் பிரியுங்கள்

இரண்டு வாரம் முடிந்ததும் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் சு, சோ, மீ என்று ஓர் எழுத்தைப் போடுங்கள். இதற்கு ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள். அவசரத்தில் செய்தால் எல்லாவற்றுக்கும் மீ போட்டுவிடுவோம்.

சத்தமாகப் பேசுவது சுபாவம். தங்கையைக் கடிப்பது மீறுதல். பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லத் தயங்குவது சுபாவம். வேண்டுமென்றே முகத்தைத் திருப்பி அவமதிப்பது மீறுதல். வெள்ளிக்கிழமை மாலை டியூஷன் முடிந்து வேனில் ஒரு மணி நேரம் நெரிசலில் உட்கார்ந்து வந்த பிள்ளை பையை எறிவது, பல வேளைகளில், சோர்வு. 1 இராஜாக்கள் 19-இல் எலியா சாக விரும்பியபோது, தூதன் முதலில் அவரைத் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அவர் மறுபடியும் தூங்கினார், மறுபடியும் உணவு வந்தது. கேள்வியும் கட்டளையும் அதற்கு நெடுநேரம் கழித்துத்தான். பையை எறிந்த பிள்ளைக்கு முதலில் சோறு போடுங்கள். பையைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

பிரிப்பதற்கான காரணம், மூன்றுக்கும் மருந்து வேறு. 1 தெசலோனிக்கேயர் 5:14-இல் பவுல் ஒழுங்கற்றவர்களுக்குப் புத்தி சொல்லவும், திடனற்றவர்களைத் தேற்றவும், பலவீனரைத் தாங்கவும் சொல்கிறார். வினைச்சொற்கள் மூன்றும் வெவ்வேறு. எல்லாரிடத்திலும் காட்டச் சொல்வது நீடிய சாந்தத்தை மட்டுமே. திடனற்ற பிள்ளைக்குப் புத்தி சொல்லிக்கொண்டே இருப்பதும், ஒழுங்கற்ற பிள்ளையைத் தேற்றிக்கொண்டே இருப்பதும் மருந்துச்சீட்டை மாற்றிக் கொடுப்பதற்குச் சமம்.

இங்கு இரு பக்கமும் தவறுவார்கள். சிலருக்கு எல்லாமே பாவம். வேறு சிலர், குறிப்பாகச் சுபாவங்களைப் பற்றிப் புதிதாகக் கேள்விப்பட்டவர்கள், "அவன் சுபாவம் அப்படி" என்று கடித்த பல்லுக்கும் மன்னிப்பு வழங்கிவிடுகிறார்கள். கடி வாங்கிய தங்கையின் கையைப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது.

5. வீட்டில் புழங்கும் பெயர்களை மாற்றுங்கள்

அழுமூஞ்சி, வாயாடி, சண்டைக்கோழி, ஊமை. நாம் விளையாட்டாகச் சொல்கிறோம். பிள்ளை அதைத் தன் பெயராக எடுத்துக்கொள்கிறது. திருத்துவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டியதன் காரணம், "சண்டைக்கோழி" என்று தினமும் அழைக்கப்படுகிறவன், சண்டை போடாதே என்ற வார்த்தையை நம்பமாட்டான்.

தம் சீடர்களான யாக்கோபுக்கும் யோவானுக்கும் இயேசு இட்ட பெயர் போவனெர்கேஸ், அதாவது இடிமுழக்க மக்கள் (மாற்கு 3:17). அந்தப் பெயரில் ஏளனம் இல்லை; அவர்களுடைய வேகத்தை அறிந்து வைத்த பெயர். ஆனால் தங்களை ஏற்காத சமாரியக் கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கச் சொல்லலாமா என்று அவர்கள் கேட்டபோது, அவர் அவர்களை அதட்டினார் (லூக்கா 9:54, 55). சுபாவம் தங்கியது, செயல் கண்டிக்கப்பட்டது. நான்காவது படியில் நாம் பிரித்ததும் அதையே.

நடைமுறையில், ஒவ்வொரு பட்டப்பெயருக்கும் மாற்றாக ஒரு முழு வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் திறந்த இல்ல உபசரிப்பில் ஓர் ஆன்ட்டி "ஏன் இவள் பேசவே மாட்டேங்கிறாள்?" என்று கேட்டால், "அவள் முதலில் எல்லாரையும் பார்ப்பாள், பிறகு வருவாள்" என்று பிள்ளையின் காதுபடவே சொல்லுங்கள். "இவள் இப்படித்தான், ஆன்ட்டி" என்று சிரித்துச் சமாளித்தால், பிள்ளையின் கணக்கில் நீங்களும் ஆன்ட்டியின் பக்கம் சேர்ந்துவிட்டீர்கள்.

6. விதி ஒன்று, அணுகும் விதம் வேறு

இனித் திருத்தலாம். விதிகளைக் குறைவாக வையுங்கள். எங்கள் வீட்டில் ஐந்து. அவை எல்லாருக்கும் பொது, விளைவும் பொது. மாறுவது நீங்கள் பிள்ளையிடம் சென்று சேரும் வழி மட்டும்.

யோவான் 11-ஐ நிதானமாக வாசியுங்கள். லாசரு இறந்த பிறகு மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் சொன்னது ஒரே வாக்கியம்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான் (21, 32). எழுந்து எதிர்கொண்டு போன மார்த்தாளிடம் அவர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசி, விசுவாசிக்கிறாயா என்று கேட்டார். பாதத்தில் விழுந்து அழுத மரியாளிடம் போதிக்கவில்லை. அவள் அழுவதைக் கண்டு கலங்கி, கல்லறைக்குச் செல்லும்போது கண்ணீர் விட்டார். இரு சகோதரிகளும் ஒரே அளவில் நேசிக்கப்பட்டார்கள், வெவ்வேறு பதில்களைப் பெற்றார்கள்.

மெல்லப் பழகும் பிள்ளைக்குத் தேவையானது முன்னறிவிப்பு. ஆராதனைக்கு 15 நிமிடம் முன்பே உள்ளே இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. சனிக்கிழமை இரவே மூத்தவளிடம் நாளை எந்த ஆசிரியை, யார் பக்கத்தில் உட்காரலாம் என்று சொல்லிவிடுவேன். மண்டபம் காலியாக இருக்கும்போதே போய்ச் சேர்வோம். நிரம்பிய அறைக்குள் நுழைவதுதான் அவளுக்குக் கடினம்; அறை தன்னைச் சுற்றி மெல்ல நிரம்புவது அப்படியல்ல. கண்டிப்பு வேண்டியிருந்தால் தனியறையில், தாழ்ந்த குரலில், ஒரு முறை. பிறர் முன்னிலையில் கண்டித்தால் குற்றம் மறந்துபோகும், வெட்கம் மட்டும் நிற்கும்.

சத்தமான பிள்ளைக்குச் சத்தம் மருந்தாகாது. ஒரு நாள் தங்கை தன் குவளையை எடுத்தாள் என்று நடுவன் மைலோ பானத்தை மேசைமேல் கொட்டினான். அதற்கு முந்தைய தடவைகளில் நான் கத்தினேன், அவன் என்னைவிட உரக்கக் கத்தினான், கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அன்று தரைத்துணியை எடுத்துக்கொண்டு நான் மேசைக்கடியில் உட்கார்ந்தேன். சொட்டு சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்த மைலோவை இருவரும் பார்த்தோம். துணியின் ஒரு முனையை அவனிடம் நீட்டினேன், வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாங்கினான். துடைத்து முடிக்கும்போது அவனாகவே, "அது அப்பா கொடுத்த குவளைம்மா" என்றான். பிறகுதான் பேசினேன், மூன்று வாக்கியம். தங்கையிடம் மன்னிப்புக் கேட்டான். அந்த வாரம் தன் குவளையைத் தானே கழுவினான்.

காரணம் எளிது: புயலில் இருக்கும் பிள்ளைக்குக் காது வேலை செய்யாது. ஆனால் புயல் ஓய்ந்ததும் அன்றைக்கே பேசிவிட வேண்டும். மறுநாளைக்குத் தள்ளினால் நாம் மறந்துவிடுவோம். கத்தினால் தப்பலாம் என்று அவன் கற்றுக்கொள்வான்.

துடிப்பான பிள்ளையிடம் "சும்மா இரு" என்பது கட்டளையாகாது, ஏனென்றால் அதில் செய்வதற்கு எதுவும் இல்லை. பாட்டுப் புத்தகங்களை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள்.

இப்படி மென்மையாகச் செய்வது செல்லம் கொடுப்பதாகாதா என்று ஒவ்வொரு கூடுகையிலும் ஒருவர் கேட்பார். எபேசியர் 6:4-இல் கோபப்படுத்தாதிருப்பதும் சிட்சையில் வளர்ப்பதும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. கொலோசெயர் 3:21 அதற்குக் காரணத்தையும் தருகிறது: பிள்ளைகள் திடனற்றுப் போகாதபடி. மன்னிப்புக் கேட்பதிலிருந்து என் வீட்டில் யாருக்கும் விலக்கு இல்லை; மூத்தவள் முதலில் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்பதே சலுகை.

7. குடும்ப ஜெபத்தைச் சுபாவத்துக்கு ஏற்ப அமையுங்கள்

பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும். ஒருவர் பாட்டைத் தேர்ந்தெடுக்கட்டும், ஒருவர் வசனத்தை வாசிக்கட்டும், ஒருவர் அந்தக் கதையை நடித்துக் காட்டட்டும். சத்தமாக ஜெபிக்கக் கூச்சப்படும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். கட்டாயத்தில் சொல்லும் ஜெபம் தாயை நோக்கியதாகிவிடும். மூத்தவள் ஓராண்டு முழுவதும் "ஆமென்" மட்டும் சொன்னாள்.

8. "அவனுக்கு மட்டும் ஏன்?"

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். விளக்கவுரை ஆற்றாதீர்கள். "அவனுக்கு இது தேவைப்பட்டது. உனக்கு எது தேவை என்று சொல், அதையும் செய்கிறேன்" என்ற பதிலைப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு உண்மையாகவே செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை அந்தப் பதில் செல்லாது.

யோசேப்பின் பலவருண அங்கி சகோதரரைப் பகைக்க வைத்தது, ஏனென்றால் அது ஒருவனுக்கு மட்டும் தைக்கப்பட்டது. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் 20 நிமிடம் தனியாக ஒதுக்குங்கள். பெரிய செலவு வேண்டாம்; கடையில் ரொட்டி சானாய் வாங்கப் போகும்போது ஒருவரை மட்டும் அழைத்துச் செல்வதே போதும்.

இதில் நான் தவறியது கடைக்குட்டியிடம். மற்ற இருவருக்கும் உழைத்துக் களைத்து, "இவள் ஒரு தொல்லையும் தரமாட்டாள்" என்று கர்த்தருக்கு நன்றிகூடச் சொன்னேன். அவளுடைய நோட்டை எடுத்துப் பார்த்தபோது ஒன்பது நாள்களுக்கு எதுவுமே எழுதியிருக்கவில்லை. அவளுக்கு மூக்குக்கண்ணாடி தேவை என்பதை எனக்கு முன்பே வகுப்பாசிரியை கண்டுபிடித்தார். கரும்பலகை தெரியவில்லை என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் அக்காவை... இல்லை, அண்ணனைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்" என்று, யாரைச் சொன்னால் எனக்கு வலிக்காது என்று தேடுகிறவளைப்போலத் தடுமாறிச் சொன்னாள். இணங்கிப்போகும் பிள்ளையிடம் நாம்தான் போய்க் கேட்க வேண்டும், அதுவும் ஆம், இல்லை என்று முடிக்க முடியாத கேள்வியாக.

9. வெளியே உதவி கேட்க வேண்டிய நேரம்

எல்லாவற்றையும் சுபாவம் என்று எழுதிவிடக் கூடாது. பேசிக்கொண்டிருந்த சொற்களைப் பிள்ளை இழப்பது, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதது, தூக்கமும் உணவும் வாரக்கணக்கில் மாறிப்போவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, பள்ளி ஆசிரியையும் ஞாயிறு பள்ளி ஆசிரியையும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே கவலையைச் சொல்வது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். அங்கிருந்து மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். உங்கள் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். தேதியோடு உள்ள குறிப்பு மருத்துவருக்குப் பெரிய உதவி.

இதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியன் என்பதை (கொலோசெயர் 4:14) நினைவூட்டுங்கள்.

தாய்க்கும் இது பொருந்தும். பிள்ளைகளுக்கு அருகில் இருக்கவே பயமாக இருக்கிறது, காரணமின்றிக் கண்ணீர் வருகிறது என்ற நிலை வந்தால், தாலியான் காசே என்ற மலேசிய அரசாங்க உதவிச் சேவையின் 15999 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். போதகரின் மனைவியிடமும் சொல்லுங்கள். ஜெபத்தோடு, ஒரு மாலை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் கிடைக்கும். எலியாவுக்கு வந்த அப்பம் அடுப்பங்கரையில் நிற்கும் உங்களுக்கும் உரியது.

10. ஆண்டுக்கு ஒரு முறை மறுபடியும் அளவெடுங்கள்

அன்னாள் சாமுவேலுக்கு ஆண்டுதோறும் ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக் கொண்டுபோனாள் (1 சாமுவேல் 2:19). பழைய அளவில் தைத்திருந்தால் பிள்ளைக்கு ஏறியிருக்காது. பிறவிச் சாயல் பெரும்பாலும் தங்கும், ஆனால் அது வெளிப்படும் விதம் வயதோடு மாறும். ஆகவே புதிய பள்ளியாண்டு தொடங்கி ஒரு மாதம் கழித்து, மூன்றாவது படியை ஒரே வாரத்துக்கு மட்டும் திரும்பச் செய்யுங்கள்.

முந்தைய குறிப்புகளைப் படிக்காமல் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்ற ஆண்டு மூத்தவளின் பக்கத்தில் "வாசலில் நின்றாள்" என்று மறுபடியும் எழுதப் போனேன். புதிதாக வந்த ஒரு சிறுமி செருப்பைக் கழற்றாமல் நின்றிருந்தாள். இவள் அவளுக்குத் துணையாக, எதுவும் பேசாமல், பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.